கதவு கடித்த வண்டி

"பெரியப்பா, கதவு கடிக்குது!"

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் என் தம்பி குடும்பத்தோடு ஒரு பைன் காட்டு முகாமில் தங்கியிருந்தேன். மாலையில் இடியுடன் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகள் வெறுங்காலுடன் ஈர மண்ணில் ஓடி வந்து, நாங்கள் தங்கியிருந்த வண்டியின் அலுமினியக் கதவைத் தொட்டாள். உடனே கையை உதறிக்கொண்டு கத்தினாள். விரல் நுனியில் எறும்புக் கூட்டம் கடித்தாற்போல் இருந்ததாம்.

நான் கல்லூரியில் மின்னியல் கற்பிப்பவன். கதவு கடிக்காது, கடித்தது மின்சாரம்தான் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. குழந்தையை அப்பால் நிறுத்திவிட்டு, ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியுடன் ஓடி, வெளியே இருந்த மின்தூணில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். அன்றிரவு வண்டியில் மின்விசிறி ஓடவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அது அன்று. "இதைத் தடுக்கும் பெட்டி ஒன்றை ஆறு மாதத்திற்கு முன்பே வாங்கிவிட்டேன், அண்ணா. பொருத்தத்தான் நேரமில்லை. வீட்டில் கிடக்கிறது" என்று தம்பி சொன்ன பதில்தான்.

மாணவர்களே, அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஒரு சின்னஞ்சிறு வண்டிக்குள் பொருத்திய அந்தப் பெட்டிக்குள் உங்கள் இயற்பியல் பாடத்தில் பாதி அடங்கியிருக்கிறது.

வண்டிக்குள் ஒரு வீடு

காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கூரைமேல் ஏர்கண்டிஷனர் எல்லாம் அதில் உண்டு. இதற்கு டிரெய்லர் என்று பெயர். விடுமுறை நாட்களில் அமெரிக்கர்கள் இதை இழுத்துக்கொண்டு காடு மலைகளுக்குப் போவார்கள். முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடமும், இடுப்பளவு உயரமுள்ள ஒரு மின்தூணும் இருக்கும். வண்டியின் தடித்த கேபிளை அத்தூணில் செருகினால் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிடும்.

அமெரிக்காவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். சிறிய டிரெய்லர்களின் பிளக் 30 ஆம்பியர் வரை தாங்கும். ஆகவே அதன் வழியே பெறக்கூடிய உச்ச அளவுத் திறன் 120 × 30 = 3600 வாட். பிளக்கில் மூன்று முனைகள். நம் ஊர் மின்பணியாளர்கள் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று சொல்வார்களே, அவைதான். அங்கே ஃபேஸ் கம்பி கறுப்பு, நியூட்ரல் வெள்ளை, எர்த் பச்சை.

ஓர் இடத்தில் நிலையாக நிற்கும் வீட்டிற்கும் இந்த வண்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. உங்கள் வீட்டு இணைப்பை ஒரு முறை சரிபார்த்துவிட்டால் பல்லாண்டுகள் அது அப்படியே இருக்கும். டிரெய்லரோ வாரம் ஒரு தூணில் செருகப்படுகிறது. மழையிலும் வெயிலிலும் நின்ற தூண். ஆயிரம் பேர் செருகிப் பிடுங்கிய தூண். யாரோ அவசரத்தில் கம்பி மாற்றிப் பூட்டிய தூணாகவும் இருக்கலாம். முன்பின் அறியாத கிணற்றில் தண்ணீர் குடிப்பதைப் போன்றது இது.

ஏன் கடித்தது?

மறுநாள் காலை குழந்தைகளைத் தொலைவில் நிறுத்திவிட்டு, தம்பியும் நானும் தகுந்த காலணியும் கையுறையும் அணிந்து ஒரு சோதனை செய்தோம். (நீங்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாது.) ஈர மண்ணில் ஒரு நீண்ட திருப்புளியைக் குத்தினோம். மீட்டரின் ஒரு முனையை அதன் தண்டிலும், மறுமுனையை வண்டிச் சுவரிலும் வைத்தோம். மீட்டர் 58 வோல்ட் காட்டியது. ஏறத்தாழ 120-இல் பாதி!

இந்தப் 'பாதி' தற்செயலானதன்று. மைக்ரோவேவ் அடுப்பு, மின்கல மின்னேற்றி போன்ற மின்னணுக் கருவிகளில் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு மின்தேக்கிகளை வைப்பார்கள். ஃபேஸ் கம்பிக்கும் கருவியின் உலோகக் கூட்டுக்கும் இடையே ஒன்று. நியூட்ரலுக்கும் கூட்டுக்கும் இடையே மற்றொன்று. எர்த் கம்பி சரியாக இருந்தால், இவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் வழியாகப் போய்விடும். கூடு 0 வோல்ட்டில் நிற்கும். எர்த் அறுந்திருந்தால்? சமமான இரு மின்தேக்கிகள் தொடரிணைப்பில் நின்று 120 வோல்ட்டை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். நடுவே இருக்கும் கூடு 60 வோல்ட்டுக்கு உயரும். கூட்டோடு இணைந்த வண்டியின் உலோக உடல் முழுவதும் அதே மின்னழுத்தத்தில் நிற்கும்.

அந்தத் தூணின் எர்த் முனையில் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. ஆனால் விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடியது. எப்படி? இயல்பான நிலையில் மின்னோட்டம் ஃபேஸ் வழியே வந்து நியூட்ரல் வழியே திரும்புகிறது. எர்த் கம்பி வேலையில்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது. அது அறுந்தாலும் எந்தக் கருவியும் நின்றுபோவதில்லை. ஆபத்தே இதில்தான் இருக்கிறது.

குழந்தையின் உடல் வழியே சென்ற மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர் அளவில் இருந்திருக்கும். அந்த அளவில்தான் மனிதனுக்கு அதிர்ச்சி உணரத் தொடங்கும். சுமார் 10 மில்லி ஆம்பியரில் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். அதைப் போல் சில மடங்கு போனால் இதயத் துடிப்பே குலைந்துவிடும். அன்று மின்தேக்கிகளின் கசிவு மட்டும் இருந்தது. அதற்குப் பதில் ஏதேனும் ஒரு கருவியில் ஃபேஸ் கம்பியின் உறை தேய்ந்து கூட்டைத் தொட்டிருந்தால், கதவில் முழு 120 வோல்ட் நின்றிருக்கும். கசிவு மின்னோட்டத்திற்கும் எல்லை இருந்திராது. 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றாது. உயிரை வாங்க 0.1 ஆம்பியர் போதும். அதற்கெல்லாம் 30 ஆம்பியர் பிரேக்கர் அசையாது.

எழுச்சியை விழுங்கும் வில்லை

தம்பி வாங்கி வைத்திருந்த பெட்டியை அங்கே எழுச்சித் தடுப்பான் என்ற பொருளில் அழைக்கிறார்கள். எழுச்சி என்பது மின்னழுத்தம் கண நேரம் தாவி உயர்வது. அருகில் எங்கோ மின்னல் விழுந்தாலோ, பெரிய மோட்டார் நின்றாலோ, மின்கம்பிகளில் சில மைக்ரோ நொடிகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தோன்றக்கூடும். மின்னணுக் கருவிகளின் மெல்லிய குறைகடத்திகளுக்கு அது போதும், கதை முடிந்துவிடும்.

இதைத் தடுப்பது வாரிஸ்டர் என்னும் வில்லை. ஒரு நாணயத்தைப் போல் இருக்கும். துத்தநாக ஆக்சைடுத் தூளுடன் சிறிதளவு பிஸ்மத் ஆக்சைடு போன்றவற்றைக் கலந்து சூளையில் சுட்டுச் செய்கிறார்கள். ஒரு வகையில் பீங்கான் என்றே சொல்லலாம். இதன் பண்புகளை ஜப்பானிய அறிஞர் மட்சுவோகா 1971-ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார்.

வில்லையை நுண்ணோக்கியில் பார்த்தால் நெருக்கமாக அடுக்கிய மணிகள் தெரியும். ஒரு மணியின் அளவு சுமார் 10 முதல் 20 மைக்ரோ மீட்டர். இரு மணிகள் சந்திக்கும் எல்லை ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் வரை மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்தும். அதற்கு மேல் வழிவிடும். 120 வோல்ட் என்பது சராசரி வகைக் கணக்கு; மாறுமின்னோட்ட அலையின் உச்சம் 120 × 1.414, அதாவது ஏறத்தாழ 170 வோல்ட். இந்த உச்சத்தில் வில்லை உறங்கவேண்டும். அதைத் தாண்டினால் விழிக்கவேண்டும். 240 வோல்ட்டில் விழிக்கும் வில்லை வேண்டுமானால் 240 ÷ 3 = 80 எல்லைகள் தொடர்ச்சியாக அமையவேண்டும். அதற்கு ஒரு மில்லி மீட்டர் அளவுத் தடிமன் போதும்!

வாரிஸ்டர் ஓம் விதிக்குக் கட்டுப்படாது. சாதாரண மின்தடையில் மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் மின்னோட்டமும் 10 சதவீதம் கூடும். வாரிஸ்டரிலோ மின்னோட்டம் மின்னழுத்தத்தின் 30-ஆவது அடுக்கு போன்ற ஒரு பெரிய அடுக்கிற்கேற்ப உயர்கிறது. 1.1-ஐ 30 முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 17 வரும். 10 சதவீத உயர்வுக்கு 17 மடங்கு மின்னோட்டம்! வெள்ளம் வந்தால் தானே திறந்துகொள்ளும் மதகைப் போல, எழுச்சி வந்த கணமே வில்லை திறந்து, அதைக் கருவிகளுக்குப் போகவிடாமல் பக்கவழியாகத் திருப்பிவிடுகிறது.

அப்போது அது விழுங்கும் ஆற்றல் எவ்வளவு? 400 வோல்ட்டில் 1000 ஆம்பியர் 20 மைக்ரோ நொடி பாய்வதாகக் கொள்வோம். 400 × 1000 × 0.00002 = 8 ஜூல். இவ்வளவுதான். திறன் பிரம்மாண்டமானது, நேரம் மிகச் சிறியது. ஆதலால் வில்லை பிழைத்துக்கொள்கிறது. ஆயினும் ஒவ்வோர் எழுச்சியும் வில்லையைச் சற்றே தேய்க்கும். பல எழுச்சிகளுக்குப் பின் அதை மாற்றவேண்டியிருக்கும்.

நியூட்ரல் அறுந்தால்

இனி வேறொரு ஆபத்து. எழுச்சி மைக்ரோ நொடியில் முடியாமல் மணிக்கணக்கில் நீடித்தால்? 8 ஜூல் விழுங்கிய வில்லை, நொடிக்கு ஆயிரம் ஜூல் விழுங்க நேர்ந்தால் வெந்து கருகிவிடும். இத்தகைய நீடித்த ஏற்றம் முகாம்களில் எப்படி வரும்?

அமெரிக்க மின்மாற்றியின் துணைச்சுருள் 240 வோல்ட் தருகிறது. அதன் நடுப்புள்ளியிலிருந்து நியூட்ரல் எடுக்கப்படுகிறது. நடுப்புள்ளிக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையே 120 வோல்ட். ஒரு வரிசை வண்டிகள் ஒரு பாதியிலும், அடுத்த வரிசை மறுபாதியிலும் இணைந்திருக்கும். பொதுவான நியூட்ரல் வழியில் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது இரு பாதிகளின் கருவிகளும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடரிணைப்பில் நிற்கின்றன.

உங்கள் அண்டை வண்டியில் ஹீட்டர் ஓடுகிறது. அதன் மின்தடை 10 ஓம். உங்கள் வண்டியில் சில விளக்குகளும் தொலைக்காட்சியும் மட்டும். மொத்தம் 100 ஓம் என்று கொள்வோம். மின்னோட்டம் 240 ÷ 110 = 2.18 ஆம்பியர். ஹீட்டருக்குக் கிடைப்பது சுமார் 22 வோல்ட். உங்கள் தொலைக்காட்சிக்கு வருவது 218 வோல்ட்! குறைவாக மின்சாரம் பயன்படுத்திய சிக்கனக்காரர்தான் இங்கே தண்டிக்கப்படுகிறார்.

இது அமெரிக்காவோடு போகிற கதையன்று. நம் ஊரில் மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் கருவிக்கு 400 வோல்ட் வரை போகக்கூடும். 230-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள். "திடீரென்று பல்பு பளீரென்று எரிந்தது; பிறகு தெருவில் பாதி வீடுகளில் டி.வி. போயிற்று" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம்.

மின்னழுத்தம் குறைவதும் கெடுதிதான். முகாமில் எல்லா வண்டிகளிலும் ஏர்கண்டிஷனர் ஓடும் நடுப்பகலில் நீண்ட கம்பிகளில் அழுத்தம் விழுந்து 100 வோல்ட் ஆகலாம். இவ்வகை மோட்டாரின் முறுக்குத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120 வோல்ட் 100 ஆகும்போது அது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைகிறது. சுமையோ குறைவதில்லை. மோட்டார் திணறி அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது.

ஆகவே நல்ல பெட்டிகளில் வாரிஸ்டருடன் ஒரு காவல்காரனும் இருக்கிறான். மின்னழுத்தத்தை ஓயாமல் அளந்து, சுமார் 132 வோல்ட்டுக்கு மேல் போனாலோ, சுமார் 104-க்குக் கீழே இறங்கினாலோ காந்தச் சுவிட்சைத் திறந்து இணைப்பைத் துண்டித்துவிடும் சுற்று அது. எர்த் அறுந்திருந்தாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் அது இணைப்பே தராது. நிலைமை சீரானபின்பும் இரண்டு நிமிடம் போல் காத்திருந்துதான் இணைப்பைத் தருமாறு அமைக்கலாம். ஏர்கண்டிஷனர் நின்ற உடனே மறுபடி ஓடத் தொடங்கினால், குழாய்களில் தேங்கிய வாயுவின் அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் திணறும். அழுத்தம் சமமாகத்தான் அந்த அவகாசம்.

பெட்டியைப் பொருத்தினோம்

முகாமிலிருந்து திரும்பியதும் முதல் வேலை பெட்டியைப் பொருத்துவதுதான். தம்பியின் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் இருந்தார். அவர் மேற்பார்வை செய்ய, நாங்கள் இருவரும் கையாட்களானோம்.

தூணில் செருகிக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. அவை எளியவை, ஆனால் மழையில் நனையும், களவும் போகலாம், செருக மறந்தால் காவலும் இல்லை. தம்பி வாங்கியது வண்டிக்குள் நிரந்தரமாகக் கம்பியிட்டுப் பொருத்தும் வகை. வெளியிலிருந்து வரும் கேபிள் சுவர் வழியே நுழைந்து, கட்டிலுக்கு அடியே ஓடி, மின்பகிர்வுப் பெட்டியை அடைகிறது. அந்தப் பாதையை நடுவில் வெட்டி, வெளிப்பக்க முனைகளை எழுச்சித் தடுப்பானின் உள்வாயிலிலும், உட்பக்க முனைகளை வெளிவாயிலிலும் பூட்டவேண்டும். மொத்தம் ஆறு கம்பி முனைகள். அவ்வளவுதான்.

வேலை தொடங்குமுன் பெரியவர் வெளிக் கேபிளைப் பிடுங்கி, அதன் பிளக்கைத் தம் கண் எதிரே வைத்துக்கொண்டார். வேறு யாரும் அதைச் செருகிவிட வழியில்லை. வண்டியின் மின்கலத்தையும் கழற்றச் சொன்னார். பிறகு முதலில் மீட்டர் வேலை செய்கிறதா என்று வீட்டு மின்சாரத்தில் சோதித்து, அதன்பின் வண்டிக் கம்பிகளில் வைத்துப் பார்த்தார். சுழியம். "இது செத்த கம்பியா, அல்லது செத்த மீட்டரா என்று தெரியவேண்டுமல்லவா?" என்று சிரித்தார். வகுப்பறைக்கு எடுத்துச் செல்லத்தக்க பாடம் அது.

கேபிளை வெட்டி, உறை நீக்கி, கம்பிகளைப் பெட்டிக்குள் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றும் இரண்டரை மில்லி மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள செம்பு. கறுப்புக்குக் கறுப்பு, வெள்ளைக்கு வெள்ளை, பச்சைக்குப் பச்சை. வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்கும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தொட்டால், கருவிகளின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் கம்பியிலும் வண்டியின் உடலிலும் ஓடத் தொடங்கிவிடும்.

வெள்ளைக் கம்பியின் திருகை முறுக்கியவன் நான். எல்லாம் முடிந்தபின் பெரியவர் ஒவ்வொரு கம்பியையும் பற்றி இழுத்துப் பார்த்தார். நான்கு அசையவில்லை. ஐந்தாவது, நான் முறுக்கிய வெள்ளைக் கம்பி, அவர் கையோடு வந்துவிட்டது.

எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. தளர்ந்த இணைப்பின் மின்தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 ஆம்பியர் பாயும்போது அங்கே தோன்றும் வெப்பம் 25 × 25 × 0.1 = 62.5 வாட். ஒரு பற்றவைப்புக் கோலின் சூடு! அதுவும் ஒட்டுப்பலகைக் கட்டிலுக்கு அடியில். அதன்மேல் குழந்தை உறங்குவாள். இந்தச் சமன்பாட்டை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்தவன் நான். கை அதைக் கற்றுக்கொள்ளவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல், குறித்த அளவு முறுக்கு விசை வந்ததும் 'டக்'கென்று ஒலிக்கும் திருப்புளியை என் கையில் கொடுத்தார். ஆறு திருகுகளையும் மறுபடி முறுக்கினேன்.

பிளக்கைச் செருகினோம். இரண்டு நிமிடம் அமைதி. பிறகு காந்தச் சுவிட்சு மூடிக்கொண்டது. கதவருகே பதித்த சிறு திரையில் 121 வோல்ட். ஏர்கண்டிஷனரைப் போட்டோம். 13 ஆம்பியர், மின்னழுத்தம் 118 ஆயிற்று. "மூன்று வோல்ட் எங்கே போச்சு, பெரியப்பா?" என்றாள் தம்பி மகள். கேள்வியை அவளிடமே திருப்பினேன். காகிதத்தில் 3 ÷ 13 என்று வகுத்து, "வழியில் இருக்கிற கம்பிகளோட மின்தடை 0.23 ஓம்" என்றாள். ஏறத்தாழச் சரியான விடை.

பெட்டி மறுத்தது

இரு வாரம் கழித்து வேறோர் முகாமுக்குப் போனோம். தூணில் செருகினோம். இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. சுவிட்சு மூடவில்லை. திரையில் ஒரு பிழைக் குறி மின்னியது. கையேட்டைப் புரட்டினோம். எர்த் இல்லை!

முன்பு என்றால் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்போம். இம்முறை பெட்டி 'முடியாது' என்று சொல்லிவிட்டது. அலுவலகத்தில் சொன்னோம். அவர்கள் அந்தத் தூணுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு எங்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள்.

பெட்டியால் எல்லாம் முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். மின்னல் நேரே தாக்கினால் எந்த வாரிஸ்டரும் தாங்காது. இடி வருமுன்பே பிளக்கைப் பிடுங்கிவைப்பதுதான் வழி. இன்னொன்று: அது ஃபேஸையும் நியூட்ரலையும் துண்டிக்குமே தவிர எர்த்தைத் துண்டிக்காது. எனவே தூணில் எர்த் முனையிலேயே தவறாக ஃபேஸைப் பூட்டியிருந்தால், பெட்டி மறுத்தாலும் வண்டியின் உடல் உயிரோடுதான் இருக்கும். அதனால்தான் செருகுவதற்கு முன் தூணைச் சோதிக்கும் பழக்கத்தைத் தம்பி இப்போது விடுவதில்லை.

நம் வீடுகளில் டிரெய்லர் இல்லை. ஆனால் கிரைண்டரும் வாட்டர் ஹீட்டரும் இரும்பு பீரோ அருகே ஓடும் கம்பியும் இருக்கின்றன. மூன்று முனைப் பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முனை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். செருகும்போது அது முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலகவேண்டும் என்பதே அந்த நீளத்திற்குக் காரணம். 'இடிக்கிறது' என்று அந்த முனையை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கம் சில இடங்களில் உண்டு. விளக்கு எரியத்தான் செய்யும். அரிசோனாவிலும் எரிந்தது. உங்கள் வீட்டில் கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் உயிர்காப்புச் சுவிட்சு இருந்தால், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கும்படி அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். இல்லையென்றால், ஒன்று பொருத்தும்படி மின்பணியாளரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நான் ஊர் திரும்பும் நாளன்று தம்பி மகள் வண்டியின் கதவருகே என்னை அழைத்துப் போனாள். திரையில் 120 என்று இருந்ததைப் படித்துவிட்டு, கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"இப்போ கடிக்கலை, பெரியப்பா" என்றாள்.